அம்மாவின் குத்துவிளக்கு அண்ணன் வீட்டில்: பொருளையே திரும்பக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு

ஊரில் தாயோ தகப்பனாரோ காலமானால், சாலை பஜாரிலும் தம்பானூரிலும் வேலை பார்க்கும் தமிழர்களுக்குக் கிடைப்பது நாலைந்து நாள் லீவு. பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுபடியும் நாகர்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ ரயிலேற வேண்டும். அதற்குள் ஊரில் அலமாரி திறந்திருப்பார்கள். அம்மா தினமும் ஏற்றிய குத்துவிளக்கு, அப்பா கட்டியிருந்த எச்.எம்.டி. கைக்கடிகாரம், பாட்டி காலத்து வெற்றிலைச் செல்லம், கல்யாண போட்டோ ஆல்பம் என்று ஏதாவது ஒன்று இருந்த இடத்தில் இருக்காது. கேட்டால், "பெரியவன் எடுத்துக்கொண்டு போனான்", "அத்தை ஆசைப்பட்டாள், கொடுத்துவிட்டோம்" என்று பதில் வரும்.

வீடு, வயல் என்றால் பத்திரம் இருக்கிறது, பட்டா இருக்கிறது, சண்டை போடவும் ஒரு வழி இருக்கிறது. இந்தச் சின்னப் பொருள்களுக்கு அப்படி எதுவும் இல்லை. எடைக்குப் போட்டால் பெரிய தொகை தேறாது. ஆனால் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோவது பெரும்பாலும் வயலால் அல்ல, இந்த விளக்கால்தான். "கோர்ட்டுக்குப் போனாலும் விலையைத்தான் போட்டுத் தருவார்கள், விளக்கு வராது" என்று சொல்லி மனதுக்குள் வைத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்களே அதிகம்.

அந்த எண்ணம் சரியல்ல. விலை வேண்டாம், பொருளையே கொடு என்று உத்தரவிடும் அதிகாரம் சிவில் கோர்ட்டுக்கு உண்டு. 1877-ம் ஆண்டுச் சட்டத்திலேயே அது இருக்கிறது. எந்த நிலையில் அது பலிக்கும், எந்த நிலையில் பலிக்காது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வக்கீலிடமோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ ஓடுவதால்தான் பலருக்குக் கையில் இருக்கும் காசும் போய், உறவும் போகிறது.

பணம் ஈடாகாத பொருள்

வக்கீல்கள் "ஸ்பெசிபிக் ரிலீப் ஆக்ட்" என்று சொல்லும் சட்டம் இப்போது 1963-ம் ஆண்டுச் சட்டமாக அமலில் இருக்கிறது. அதன் 8-வது பிரிவுதான் இந்த விஷயத்துக்கு உரியது. சொந்தக்காரர் அல்லாத ஒருவர் ஒரு பொருளை வைத்திருந்தால், அதை உடனே கைவசம் பெறும் உரிமை உள்ளவரிடம் அவர் ஒப்படைக்கும்படி செய்யலாம் என்கிறது அது. பொருளை நம்பிக்கையின் பேரில் வைத்திருப்பவர், முறையில்லாமல் கைமாறிப் பெற்றவர் ஆகியோர் இதில் வருவார்கள். அதோடு, பணம் கொடுத்தால் அந்த இழப்பு தீராது என்ற பொருள், இழப்புக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்க்கவே முடியாத பொருள் ஆகியவையும் வரும். இந்த இரண்டு வகையிலும் வாதிக்கு ஒரு சலுகை இருக்கிறது. எதிராளி மாற்றி நிரூபிக்கும் வரை, பணம் போதாது என்றே கோர்ட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். "இது என் அம்மாவின் விளக்கு, இதற்கு விலை இல்லை" என்று வாதி கண்ணீர் விட்டு நிரூபிக்க வேண்டியதில்லை. விலை போதும் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

பழைய 1877 சட்டத்தில் இதே விதிக்குச் சில உதாரணங்கள் கொடுத்திருந்தார்கள். சட்டப் புத்தகம் கதை சொல்வது அபூர்வம். இவை படிக்கச் சுவையானவை. ஒரு குடும்பத்தின் சாமி விக்கிரகம் வேறொருவர் கையில் போய்விட்டது; அதைப் பராமரிக்கும் உரிமை உள்ளவர் கேட்டால் அவர் கொடுத்தே ஆகவேண்டும். செத்துப்போன ஓவியர் ஒருவர் வரைந்த படமும், அபூர்வமான இரண்டு சீனத்து ஜாடிகளும் இன்னொருவரிடம் இருக்கின்றன. இவற்றுக்குக் கடைத்தெருவில் விலை சொல்ல முடியாது, ஆகவே பொருளையே ஒப்படைக்க வேண்டும். மூன்றாவது உதாரணம் வெளியூரில் பிழைக்கிறவர்களுக்கு என்றே எழுதியது போல் இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் புறப்படும் ஒருவர் தன் மேஜை நாற்காலிகளை நண்பர் பொறுப்பில் விட்டுப் போகிறார். நண்பர் அவற்றை அடகு வைத்துவிடுகிறார். நண்பருக்கு அந்த உரிமை இல்லை என்று தெரிந்தே வாங்கியவர் அவற்றை விற்க விளம்பரம் செய்கிறார். சொந்தக்காரர் அவரிடமிருந்தே சாமான்களைத் திரும்பப் பெறலாம். இப்போதைய சட்டத்தில் இந்த உதாரணங்கள் இல்லை. ஆனால் சட்டத்தின் உயிர் அதேதான். ஐரோப்பாவுக்குப் பதில் திருவனந்தபுரம் என்றும், மேஜைக்குப் பதில் தையல் மிஷின் என்றும் வைத்துப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த நியாயத்தின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1684-ல் அங்கே பியூசி என்ற குடும்பத்தில் ஒரு வழக்கு. வாதியும் பியூசி, பிரதிவாதியும் பியூசி. தகராறுக்குக் காரணம் வெள்ளிப்பூண் போட்ட ஓர் எருதுக் கொம்பு. கான்யூட் ராஜா அந்தக் குடும்பத்துக்கு நிலம் கொடுத்ததற்கு அடையாளமாகத் தந்தது என்று வழிவழியாகச் சொல்லி வந்த கொம்பு அது. கொம்புக்கு விலை போட்டுப் பைசல் செய்ய முடியாது, கொம்பே வேண்டும் என்பது வாதியின் கேள்வி. சான்சரி கோர்ட்டு அவர் பக்கம் நின்றது. அந்தக் கொம்பு இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது: பொருள் யாருடையது?

இங்கேதான் பெரும்பாலான வழக்குகள் சறுக்குகின்றன. சாலையில் மளிகைக் கடையில் கணக்கு எழுதுபவர் ஒருவர், அவருக்கு ஊரில் ஓர் அண்ணன், ஒரு அக்காள் என்று வைத்துக்கொள்வோம். தகப்பனார் முன்பே போய்விட்டார். இப்போது தாயாரும் காலமாகிவிட்டார். உயில் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயாரின் நகை, பாத்திரம், விளக்கு எல்லாவற்றிலும் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. கட்டிக் கொடுத்த அக்காளுக்கும் அதே பங்குதான். "பெண்ணுக்குச் சீர் செய்துவிட்டோம்" என்ற பேச்சு சட்டத்தில் எடுபடாது. ஆகவே அண்ணன் விளக்கை எடுத்துப் போனது தம்பிக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும், அவர் அதில் ஒரு பங்குக்காரர். அவரைத் திருடர் என்று சொல்ல முடியாது. 8-வது பிரிவில் "முழுதும் எனக்கே கொடு" என்று அவர் மீது வழக்குப் போட்டால் நிற்பது கஷ்டம். தம்பிக்கு உள்ள வழி பாகப்பிரிவினை கேட்பதுதான். விளக்கை மூன்றாக வெட்ட முடியாது என்பதால், அதை ஒருவருக்கு ஒதுக்கி மற்றவர்கள் பங்குக்குப் பணம் ஈடு செய்யவோ, பங்குக்காரர்களுக்குள்ளேயே ஏலம் விடவோ கோர்ட்டு உத்தரவிடலாம்.

"அம்மா எனக்குத்தான் தருவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்" என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் பேச்சு. அம்மா சொன்னது மட்டும் தானமாகாது. அசையும் பொருளைத் தானம் செய்வதற்குப் பத்திரம் அவசியமில்லை. ஆனால் உயிரோடு இருக்கும்போதே கையில் கொடுத்திருக்க வேண்டும், அல்லது பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். கையில் கொடுத்துவிட்டு, பிறகு இடவசதிக்காக அம்மா வீட்டிலேயே விட்டு வைத்திருந்தால் கதை வேறு. அப்போது அந்தப் பொருள் வாங்கியவருடையது. அதற்குச் சாட்சி வேண்டும், அவ்வளவே. உயில் என்றால் இரண்டு சாட்சிகள் கையெழுத்து வேண்டும். ரிஜிஸ்டர் செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை.

கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பார்க்க வேண்டும். பழைய திருவிதாங்கூர்ச் சட்டம் பெண்ணுக்கு மிகக் குறைந்த பங்கே கொடுத்து வந்தது. கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த நிலையை மாற்றியது. இன்னும் பழைய கணக்கைச் சொல்லி சகோதரிகளின் வாயை அடைக்கும் சகோதரர்கள் திருவனந்தபுரத்திலும் உண்டு, கன்னியாகுமரி மாவட்டத்திலும் உண்டு.

பூஜைப் பொருள் என்றால் இன்னும் சிக்கல். கல்கத்தாவில் முல்லிக் குடும்பத்தில் குலதெய்வ விக்கிரகத்துக்குப் பங்காளிகள் முறை வைத்துப் பூஜை செய்து வந்தார்கள். தன் முறையின்போது சாமியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோவேன் என்றார் ஒருவர். கூடாது என்றார் மற்றவர். தகராறு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1925-ல் வந்த தீர்ப்பு விசித்திரமானது. விக்கிரகம் மேஜை நாற்காலி போல ஒரு சாமான் அல்ல, அதற்குச் சட்டத்தில் தனி ஆள் என்ற அந்தஸ்து உண்டு, அது எங்கே இருக்க வேண்டும் என்பதில் அதன் விருப்பத்தையும் கேட்க வேண்டும், அதற்காகப் பேச ஒரு நடுநிலையாளரை நியமிக்க வேண்டும் என்றார்கள். வீட்டுப் பூஜை அறையில் உள்ள எல்லாப் படத்துக்கும் இது பொருந்தாது. முறைப்படி பிரதிஷ்டை செய்து, சொத்தும் எழுதி வைத்த விக்கிரகத்துக்கே பொருந்தும். இருந்தாலும், சாமியைத் தூக்கிக்கொண்டு போகிற உறவினருக்குச் சொல்லிக் காட்டத் தகுந்த தீர்ப்பு.

அடுத்து: அவர் கைக்கு எப்படிப் போயிற்று, எப்போது?

பொருள் முழுக்கத் தன்னுடையது என்றால் வழி சுலபமாகிறது. திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வரும்போது சாவியைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு வந்த வீடுகள் எத்தனையோ. அந்த வீட்டில் இருந்த தையல் மிஷின், ஆர்மோனியம், புத்தகப் பெட்டி எல்லாம் பாதுகாக்கக் கொடுத்த பொருள்கள். கேட்டதும் திருப்பித் தருவது சித்தப்பாவின் கடமை.

ஆனால் கெடு உண்டு. பாதுகாக்கக் கொடுத்த பொருளுக்கு, கேட்டு அவர் மறுத்த நாளிலிருந்து மூன்று வருஷம். திருட்டாகவோ நேர்மையில்லாமலோ போன பொருளுக்கு, அது யாரிடம் இருக்கிறது என்று முதலில் தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருஷம். மற்றபடி முறையில்லாமல் எடுத்த பொருளுக்கு, எடுத்த நாளிலிருந்தே மூன்று வருஷம். "அடுத்த பொங்கலுக்குப் பேசிக்கொள்ளலாம்" என்று மூன்று பொங்கல் கழிந்தால் வழக்கும் கழிந்துவிடும். பாகம் கேட்கும் வழக்குக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், அதுவரை விளக்கு விளக்காகவே இருக்கும் என்பதற்கு யார் ஜாமீன்?

ஆகவே எழுத்து மூலம் கேட்பது முதல் வேலை. வக்கீல் நோட்டீசாக இருக்கலாம், சொந்தக் கடிதமாகவும் இருக்கலாம். பொருளின் அடையாளம், எந்தத் தேதியில் எப்படிப் போனது, எத்தனை நாளுக்குள் வேண்டும் என்பது இருந்தால் போதும். ரிஜிஸ்டர் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்டுடன் சேர்ந்துவிட்டது. இப்போது ஸ்பீடு போஸ்டிலேயே பதிவு வசதி கேட்டு, போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். திட்டி எழுதிய கடிதம் பிறகு கோர்ட்டில் எழுதியவருக்கு எதிராகவே படிக்கப்படும். வாட்ஸ்அப்பில் அண்ணன் "ஆமாம், என்னிடம்தான் இருக்கிறது, தர முடியாது" என்று பதில் போட்டிருந்தால் அதை அழித்துவிடக் கூடாது. அது பெரிய சாட்சி.

போலீசுக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியன் பீனல் கோடுக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா அமலில் இருக்கிறது. திருட்டு அதில் 303-வது பிரிவு, நம்பிக்கை மோசடி 316-வது பிரிவு. இரண்டுக்கும் நேர்மையற்ற எண்ணம் இருக்க வேண்டும். "இது எனக்கும் பங்குள்ள பொருள்" என்று மனதார நம்பி எடுத்தவர் மீது திருட்டு வழக்கு நிற்காது. பூட்டை உடைத்தவர், கொடுத்து வைத்ததை விற்றுத் தின்றவர் என்றால் புகார் கொடுக்கலாம். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 5,000 ரூபாய்க்கும் குறைந்த மதிப்புள்ள திருட்டில், மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் போலீசார் தாமாக விசாரணையில் இறங்க முடியாது. கைக்கடிகாரமும் வெற்றிலைச் செல்லமும் இந்த வரம்புக்குள்தான் அடங்கும். முதல் தடவை தண்டிக்கப்படுபவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை.

புகாரின் பேரில் போலீசார் பொருளைக் கைப்பற்றினால் அது நேரே வீட்டுக்கு வராது, கோர்ட்டுக்குப் போகும். அங்கே தூசி படிந்து கிடக்கவும் வேண்டியதில்லை. வழக்கு முடியும் வரை காத்திராமல், படம் எடுத்து, பட்டியல் எழுதி, ஜாமீன் வாங்கிக்கொண்டு உரியவரிடம் சீக்கிரம் ஒப்படைக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2002-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதற்கு மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் தனியாக மனுப் போட வேண்டும்.

பெண்களுக்குத் தனி வழி

புகுந்த வீட்டில் மாட்டிக்கொண்ட நகை, பாத்திரம், புடவை என்றால் நிலைமை வேறு. சீதனம் பெண்ணின் தனிச்சொத்து, கணவர் அதை நம்பிக்கையின் பேரில் வைத்திருப்பவர் மட்டுமே, திருப்பித் தராவிட்டால் நம்பிக்கை மோசடி என்று 1985-லேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துவிட்டது. கேரளத்தில் 2003-ல் கல்யாணமான ஒரு பெண், பிறந்த வீட்டில் போட்ட 89 பவுன் நகையை முதல் இரவிலேயே கணவர் வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று தன் தாயாரிடம் கொடுத்துவிட்டார் என்றும், அது அவர்களுடைய கடனுக்குப் போய்விட்டது என்றும் வழக்குத் தொடுத்தார். குடும்ப கோர்ட்டு 2011-ல் 8 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. ஐகோர்ட்டு 2022-ல் நிரூபணம் போதாது என்று அதைத் தள்ளியது. 2024 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. இது கிரிமினல் வழக்கு அல்ல, எது நடந்திருக்க அதிக சாத்தியம் என்று பார்த்தாலே போதும் என்பது தீர்ப்பின் சாரம். நகை வரவில்லை, கல்யாணமாகி 21 வருஷம் கழித்துப் பணம் வந்தது.

2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், சீதனத்தையும் பெண்ணுக்கு உரிமையுள்ள மற்றப் பொருள்களையும் திருப்பிக் கொடுக்கும்படி மாஜிஸ்திரேட்டு உத்தரவிடலாம். இது கணவர் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்த சகோதரர் பொருளைப் பறித்து வைத்துக் கொடுமை செய்தாலும் சகோதரியோ தாயோ கேட்கலாம். வேலைக்காகத் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனுக் கொடுக்கலாம் என்பது இங்குள்ள தமிழ்ப் பெண்களுக்கு மிகவும் உதவும்.

மற்ற சிவில் வழக்குகளில் அந்த வசதி இல்லை. வாதி திருவனந்தபுரத்தில் குடியிருக்கிறார் என்பதற்காக மட்டும் வஞ்சியூர் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது. எதிராளி குடியிருக்கும் இடம், அல்லது பொருள் எடுத்த, கொடுத்த, மறுத்த சம்பவம் நடந்த இடம்தான் கணக்கு. அண்ணன் நாகர்கோவிலில் இருந்து, விளக்கையும் அங்கேயே எடுத்திருந்தால் நாகர்கோவில் கோர்ட்டுதான். வாய்தாவுக்கு வாய்தா லீவு போட வேண்டியிருக்கும். இங்கேயே வழக்கு என்றால், தமிழில் உள்ள கடிதங்களுக்கு மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டியிருக்கும்.

விற்கும் முன் தடை

வழக்குப் போடும்போதே, பொருளை விற்கவோ உருக்கவோ கூடாது என்று இடைக்காலத் தடை கேட்பது முக்கியம். கமிஷனர் ஒருவரை அனுப்பி, என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்கவும் கேட்கலாம். டிக்ரி ஆனபின் எதிராளி கொடுக்க மறுத்தால், அமீனா மூலம் பொருளைக் கைப்பற்றலாம். அவரைச் சிவில் சிறையில் வைக்கவும், சொத்தை ஜப்தி செய்யவும்கூட விதி இருக்கிறது. பொருள் இல்லாமலே போய்விட்டால் அதற்குப் பதில் எவ்வளவு பணம் என்பதையும் டிக்ரியில் எழுதுவார்கள். ஆகவே பிராதில் ஒரு மதிப்புக் குறிப்பிட்டுத்தான் ஆகவேண்டும். கோர்ட்டுக் கட்டணமும் அதைப் பொறுத்ததே. பொருள் வேறொருவர் கைக்கு விலைக்குப் போயிருந்தாலும் கதை முடிந்துவிடவில்லை. உரிமையில்லாதவர் விற்றதை வாங்கியவருக்குப் பொதுவாக உரிமை வராது.

இவ்வளவு தூரம் போவதற்கு முன் செலவில்லாத வழி ஒன்று உண்டு. வஞ்சியூர் கோர்ட்டு வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணி ஆணையம் இருக்கிறது. தாலுகா கமிட்டிகளும் உண்டு. தமிழ்நாட்டிலும் இதே ஏற்பாடுதான். வழக்குப் போடாமலே அங்கே மனுக் கொடுத்தால் எதிராளிக்கு நோட்டீஸ் அனுப்பி லோக் அதாலத்துக்கு அழைப்பார்கள். கட்டணம் கிடையாது. இரு தரப்பும் ராஜியானால் அது சிவில் கோர்ட்டு டிக்ரிக்குச் சமம். அதன் மீது அப்பீல் இல்லை. ராஜி ஆகாவிட்டால் மட்டுமே கோர்ட்டு. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. விவரம் கேட்க 15100 என்ற நம்பருக்குப் போன் செய்யலாம்.

போகும்போது அந்தப் பொருள் தெரியும் பழைய போட்டோ ஏதாவது இருந்தால் எடுத்துப் போவது நல்லது. கல்யாண போட்டோவில் மணமக்களுக்குப் பின்னால் நிற்கும் குத்துவிளக்கு நல்ல சாட்சி. விளக்கில் பெயர் வெட்டியிருந்தால் அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். பாத்திரத்தில் பெயர் வெட்டிய நம் பாட்டிமார்கள் விவரம் தெரிந்தவர்கள். ஆல்பம்தான் தகராறு என்றால், அண்ணன் வீட்டுக்கு ஒருநாள் போய் எல்லாப் படத்தையும் செல்போனில் பிரதி எடுத்துக்கொள்ள அவர் சம்மதிக்கிறாரா என்று முதலில் கேட்டுப் பார்க்கலாம். லோக் அதாலத்திலும் அநேகமாக அதைத்தான் சொல்வார்கள்.